அரிசியா, காலா?

பிப்ரவரி 9

அன்பு மருமகள் பட்டாசுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாய். உன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு முகத்தைக் காட்டவில்லை. நான் நேராகக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய், "எழுதி வச்சுக்குங்க. வருஷம் திரும்பறதுக்குள்ள இவ ஒரு பறவை செஞ்சு அனுப்புவா. எங்கக்கா அதை ஏத்துக்க மாட்டா" என்றேன். அந்த அம்மா எழுதி வைக்கவில்லை, ஆனால் சாட்சி சொல்வார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் ஏழு மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு மனுஷ முகம் தெரியாதா? ஏறும்போது ஒரு முகம், இறங்கும்போது ஒரு முகம், இரண்டையும் பார்ப்பவன் நான் ஒருவன்தான்.

நான் சௌக்கியம், லிஃப்ட்டும் சௌக்கியம். உன் விரல்கள் எப்படி இருக்கின்றன? கொதிக்கிற பாகில் வேலை செய்கிற பெண்ணிடம் உடம்பை விசாரிப்பதைவிட விரலை விசாரிப்பதே முறை.

பார்சல் வந்தது. நானே என் கையால் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பிரித்தாள். அடடா, சர்க்கரையில் செய்தது என்று சத்தியம் பண்ணினால்கூட யாரும் நம்ப மாட்டார்கள்! எங்கள் நாலாவது மாடியில் ஒரு வைர வியாபாரி இருக்கிறார், அவர் பெட்டியில்கூட அப்படி ஒரு ஜொலிப்பை நான் பார்த்ததில்லை. அக்காவுக்கு வாசிக்க வராது என்பதால் உன் சீட்டை நான்தான் வாசித்தேன். "அம்மா, பண்டிகைக்கு வீட்டுக்கு வரட்டுமா? உன் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி செய்யட்டுமா? வாயால் சொல்ல வேண்டாம். நீ எப்போதும் சொல்கிற மாதிரி சொல். அரிசியா, காலா, மாமா பார்த்து எழுதட்டும்."

உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. தேறின பறவை அரிசி டப்பாவுக்குள் போகும், பண்டிகை வரை ஈரம் படாமல் இருக்க. தேறாதது தரைக்குப் போகும். அக்கா ஒரே மிதி. குறைபட்டதை யாரும் எடுத்து விற்றுவிடக் கூடாது. பாராட்டும் கிடையாது, திட்டும் கிடையாது. உன்னைப் பெற்றவளின் மொத்த பாஷையே அவ்வளவுதான்.

மருமகளே, மனசைக் கல்லாக்கிக்கொண்டு படி. பறவையைத் தரையில் வைத்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மிதித்தாள். நறநறவென்று கேட்ட சத்தம் இன்னும் என் காதிலேயே நிற்கிறது. பிறகு கையைத் தட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி எனக்கு டீ போட்டாள். டீ நன்றாகவே இருந்தது.

நான் சொன்னது பலித்ததில் எனக்கொன்றும் சந்தோஷமில்லை. ஆனாலும் பலித்தது. வேளைக்குச் சாப்பிடு.

உன் மாமா

பிப்ரவரி 20

மாமாவுக்கு வணக்கம்.

நான் நலம். நீங்களும் லிஃப்ட்டும் நலமாக இருப்பது தெரிந்து மகிழ்ச்சி. விரல்கள் பழகிவிட்டன.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன். இந்தப் பெரிய கடையில் அலங்கார வேலைக்கென்று அடித்தளத்தில் ஓர் அறை. ஒரு மேஜையில் காகித நட்சத்திரம், ஒரு மேஜையில் இலை வளையம், கடைசி மேஜை என்னுடையது. பாகு ஊற்றி, அது இறுகுவதற்குள் இறக்கையை இழுத்து, நூலைப் பதிக்க வேண்டும். கண்ணாடி ஜன்னல் முழுக்க என் பறவைகளைத் தொங்கவிடப் போகிறார்கள். மேற்பார்வையாளர், "பளபளன்னு இருந்தாப் போதும்மா, யாரும் பக்கத்துல வந்து பாக்கப் போறதில்ல" என்கிறார். இங்கே எந்தப் பறவையையும் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மிதிப்பதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளா? இடது இறக்கையில் என் கட்டைவிரல் தடம் விழுந்திருந்தது. அவசரத்தில் எண்ணெய் தடவ மறந்துவிட்டேன். வேறு செய்ய நேரமில்லாமல் அதையே அனுப்பினேன். அதைப் பார்த்துத்தான் மிதித்தாளா? அப்படியானால் பறவைக்குத்தான் சொல்லியிருக்கிறாள், எனக்கு இல்லை. கொஞ்சம் நினைவுபடுத்தி எழுதுங்கள் மாமா. உங்கள் சொந்தச் சரக்கு சேர்க்காமல் எழுதுங்கள்.

பட்டாசு

மார்ச் 4

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கண்டு ஆனந்தம். இரும்பு மாதிரி இருக்கிறேன். நேற்று ஆறாவது மாடி வக்கீல் என் தோளைத் தட்டி, "உங்க ஞாபக சக்திக்கு நீங்க கோர்ட்டுல இருக்க வேண்டியவர்" என்றார். அப்பேர்ப்பட்ட ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். தடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "இவ்வளவு வருஷம் சொல்லிக் குடுத்தும் எண்ணெய் தடவத் தெரியல பாரு" என்றாள். பறவைக்கா உனக்கா என்று கேட்டிருக்கிறாய். மருமகளே, மறைக்க மாட்டேன். உனக்குத்தான். வலது கால், குதிகால், இரண்டு தடவை. இரண்டாவது தடவைக்கு அவசியமே இருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். நான் உட்காருவதற்குள், "நான் செஞ்சதை அவளுக்கு எழுதினியா?" என்றாள். "வரி விடாம எழுதினேன்க்கா" என்றேன். "சரியா எழுதினியா?" என்று மறுபடியும் கேட்டாள். "நேர்ல பாத்த மாதிரி இருக்கும், போதுமா?" என்றேன். அப்போது உன் அம்மா சிரித்தாள். அவள் பல்லைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! எவ்வளவு அழுத்தம் பார். செய்ததோடு விடாமல் உனக்கு அது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று வேறு விசாரிக்கிறாள்.

நீ வருத்தப்படாதே. மாமா இருக்கிறேன். குளிர் விட்டுவிட்டதா அங்கே?

மாமா

மார்ச் 19

மாமாவுக்கு,

வணக்கம். நலம்.

இத்துடன் அம்மாவுக்கு நாலு வரி வைத்திருக்கிறேன். பண்டிகையன்று வாசித்துக் காட்டுங்கள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

"அம்மா, நீ சிரித்தாய் என்று மாமா எழுதினார். இங்கே என் பறவைகளை ஒருத்தரும் மிதிப்பதில்லை. பண்டிகைக்கு நான் வரவில்லை, எந்தப் பண்டிகைக்கும் வர மாட்டேன். நீ சாகிறபோது சொல்லி அனுப்ப வேண்டாம், வந்தால் நான் செருப்போடு வருவேன்."

பட்டாசு

ஏப்ரல் 2

மருமகளுக்கு மாமாவின் பண்டிகை வாழ்த்து.

இங்கே எல்லோரும் சுகம். லிஃப்ட்டுக்கு மட்டும் ஒரு கண்டம் வந்து தப்பியது. கயிறு அறுந்தது. உள்ளே ஏழு பேர். நான் ஒற்றைக் கையால் இழுத்துப் பிடித்தேன். பேப்பர்க்காரர்கள் வந்து போட்டோ எடுத்தார்கள், இடம் போதாமல் போடவில்லை.

பண்டிகையன்று காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போனேன். பாகு ஊற்றுகிற கல்லை எலுமிச்சை போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி, அந்தப் பக்கம் ஒரு முக்காலி. புது நூல்கண்டு ஒன்று பிரிக்காமல் இருந்தது. முக்காலி மேல் ஒரு புது ஏப்ரன், தையல்காரம்மாவிடம் தைக்கக் கொடுத்தது. எனக்குத்தான் என்று நினைத்துக் கட்டிப் பார்த்தேன், இடுப்புக்கு எட்டவில்லை. "அவுருடா அதை" என்று ஒரு சத்தம் போட்டாள் பார். புதுசாக ஓர் ஆள் எடுக்கப் போகிறாள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நீ போனால் தொழில் நின்றுவிடுமா என்று காட்ட வேண்டாமா?

படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து எட்டிப் பார்த்தாள். புது ஆள் வரவே இல்லை. நான் உன் கடிதத்தை எடுத்தேன்.

என் ஆயுசில் முதல் தடவையாக ஒரு எழுத்து சேர்க்காமல் வாசித்தேன். நீ கேட்டுக்கொண்டபடியே. குரல் ஏற்ற இறக்கம் மட்டும் கொஞ்சம் கொடுத்தேன், அது இல்லாமல் வாசித்தால் செய்தித்தாள் மாதிரி இருக்கும். முடித்தபோது தையல்காரம்மா கீழேயிருந்து ஏறி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா, "மறுபடி வாசி" என்றாள். மறுபடி வாசித்தேன். "செருப்போடயா?" என்று கேட்டாள். "ஆமாக்கா, செருப்போட." பிறகு ஏப்ரனை மடித்து, கல் மேல் வைத்தாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. இந்தப் பண்டிகைக்கு இந்தத் தெருவில் ஒரு ஜன்னலிலும் சர்க்கரைப் பறவை தொங்கவில்லை. பிள்ளைகள் வந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

நல்ல அடி கொடுத்தாய், மெச்சுகிறேன். உடம்பைக் கவனி.

மாமா

ஏப்ரல் 30

மாமாவுக்கு,

நலம். புது ஆளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். இறக்கை இழுக்கும்போது விரலில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பண்டிகை முடிந்த மறுநாள் ஜன்னலைக் காலி செய்தோம். பறவைகள் ஏற்கெனவே ஒழுக ஆரம்பித்திருந்தன. விளக்குமாற்றால் கூட்டிக் குப்பைப் பைகளில் போட்டோம். தரை ஒட்டுகிறது என்று மேற்பார்வையாளர் என்னைத்தான் கழுவச் சொன்னார்.

அம்மா இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னபோது முகம் எப்படி இருந்தது? வேண்டாம், எழுதாதீர்கள்.

அக்கா மகள்

ஜூன் 21

அன்பு மருமகளுக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. பரவாயில்லை, எனக்கு எழுத ஆயிரம் விஷயம் இருக்கிறது. என் சர்க்கரையை மட்டும் டாக்டர் குறைக்கச் சொல்லிவிட்டார். உங்கள் குடும்பத்து ராசி!

உன் அம்மா விழுந்துவிட்டாள். கல் பக்கத்திலேயே விழுந்து கிடந்திருக்கிறாள், தையல்காரம்மாதான் பார்த்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. ஊரிலேயே பெரிய டாக்டரை நான்தான் கூட்டி வந்தேன். ஐந்தாவது மாடிக்கு அவர் மச்சினன் வருவார், அந்தப் பழக்கம். "இவ்வளவு நாள் தாங்கினதே உங்க தம்பி முகத்துக்காகத்தாம்மா" என்று அக்காவிடமே சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு கூத்து நடக்கிறது கேள். படுத்த இடத்திலிருந்து இடது கையை நீட்டிச் சமையலறையைக் காட்டிக்கொண்டே இருக்கிறாள். முதலில் தண்ணீர் கொண்டு வந்தேன். தலையை ஆட்டினாள். கரண்டி கொண்டு வந்தேன், பாத்திரம் கொண்டு வந்தேன், விளக்குமாறுகூடக் கொண்டு வந்தேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை. கடைசியில் என்னைக் காட்டுகிறாள், எழுதுகிற மாதிரி விரலை ஆட்டுகிறாள், திரும்பவும் சமையலறையைக் காட்டுகிறாள். எனக்குப் புரிந்துவிட்டது, பசி. சோறு வடித்துக் குழைத்து ஊட்டினேன். என் சட்டை மேல் துப்பினாள், பிறகு அழுதாள். வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதால் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தையல்காரம்மா, தானே உனக்கு எழுதுவதாகச் சொன்னார். "எங்க வீட்டுக் கடுதாசியை நான் எழுதிக்கிறேன். நீங்க போய்க் காஜா போடுங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன். விலாசமும் கொடுக்கவில்லை. வெளியாள் எழுதினால் அதில் என்ன சுவை இருக்கும்?

நீ வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவளும் சொல்லவில்லை.

மாமா

ஜூலை 9

மாமாவுக்கு,

நலம்.

ஏப்ரலில் ஏழு பேரை ஒற்றைக் கையால் பிடித்தீர்கள். போன வருஷம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்து டாக்டர்கள் கைவிட்டுவிட்டதாக எழுதினீர்கள், நான் ரயிலேறி வந்தபோது சினிமாவுக்குப் போயிருந்தீர்கள். விளக்குமாற்றைக் கொண்டுவந்து காட்டினேன் என்று எழுதியிருக்கும்போதே உங்கள் கை சிரித்திருப்பது எனக்குத் தெரிகிறது. இதையும் நம்பி நான் வந்து நின்றால், கல்லுக்கு அந்தப் பக்கம் புதுப் பெண் உட்கார்ந்திருப்பாள். அம்மா மிதிக்கக் காலைத் தூக்கித் தயாராக வைத்திருப்பாள்.

நான் வர வேண்டுமென்றால் அம்மா தன் வாயால் சொல்லட்டும். ஒரு சொல் போதும். அதை மட்டும் எழுதுங்கள்.

அக்கா மகள்

ஆகஸ்ட் 18

அன்பு மருமகளுக்கு,

மனசைத் தேற்றிக்கொண்டு படி. உன் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். பத்து நாளாகிறது. நீ கேட்ட அந்த ஒரு சொல்லுக்காக நான் தினமும் போய்க் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். வரவில்லை. சொல்லி அனுப்ப வேண்டாம் என்று நீயே எழுதியிருந்ததால் தந்தி அடிக்கவில்லை. உன் வார்த்தையை மீறியவன் என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

அடக்கம் பிரமாதமாக நடந்தது. கட்டடமே திரண்டு வந்தது. வக்கீல் வந்தார், வைர வியாபாரி வந்தார். நான் பேசினேன், அழாத ஆளில்லை. தையல்காரம்மா மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. வயசாக ஆகச் சிலருக்கு மரியாதை குறைந்துவிடுகிறது.

வீட்டுக்காரருக்கு இடம் வேண்டுமாம். நேற்று சாமான்களை ஒழித்தேன். கல்லை இரண்டு பேர் பிடித்து இறக்கினோம், படியில் விளிம்பு உடைந்துவிட்டது. ஏப்ரனை லிஃப்ட் துடைக்க எடுத்துக்கொண்டேன், நல்ல துணி.

அப்புறம் ஒரு வேடிக்கை. அரிசி டப்பாவைக் கவிழ்த்தேன். பண்டிகைக்கு முன்னாலிருந்தே அதில் கைவைக்காமல், கடையில் பொட்டலம் பொட்டலமாக வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள் உன் அம்மா, தையல்காரம்மா சொன்னார். கவிழ்த்தால் உள்ளேயிருந்து பொத்தென்று ஒரு பறவை! ஒரு கீறல் இல்லை, ஒரு துளி ஒழுகவில்லை. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், இடது இறக்கையில் யாரோ விரலால் அழுத்தின மாதிரி ஒரு சின்னக் குழி. மற்றபடி அமர்க்களம். நீ எனக்குத் தெரியாமல் இரண்டாவது பார்சல் அனுப்பியிருக்கிறாய், கள்ளி! மாமாவிடம் மறைக்கலாமா?

மாமா

ஆகஸ்ட் 27

நான் ஒன்றுதான் அனுப்பினேன்.

பிப்ரவரியில் நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்தது என்ன?

செப்டம்பர் 6

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தில் ஒரு வணக்கம் இல்லை, நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. துக்கத்தில் இருக்கிறாய், மன்னித்தேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் சௌக்கியம். லிஃப்ட்டுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள்.

பறவையை வீணாக்க மனசு வரவில்லை. உன் அம்மா ஞாபகமாக லிஃப்ட்டுக்குள் தொங்கவிட்டேன். ஏறினவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். "என் மருமக செஞ்சது" என்று ஏழு மாடிக்கும் சொன்னேன். மூன்றாம் நாள் மூக்கு ஒழுகியது. பிறகு இறக்கை. ஐந்தாவது மாடி அம்மாவின் சேலையில் சொட்டிவிட்டது, ஒரே ரகளை. அப்புறம் எறும்பு. மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டேன். டாக்டர் பேச்சை ஒரு நாள் மீறினால் என்ன? நல்ல இனிப்பு, பாகு பதம் தப்பவே இல்லை. நீ கைகாரி, அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

ஒன்று தோன்றுகிறது. நீ அப்படி ஒரு கடிதம் எழுதி, அதை நான் இரண்டு தடவை வாசித்துக் காட்டிய பிறகும், அக்கா அதை அரிசியிலிருந்து எடுக்கவில்லை. பிடிவாதக்காரி.

எப்போது வேண்டுமானாலும் வா. மாமா வீடு உன் வீடு.

உன் மாமா

பின்குறிப்பு: நீ கேட்டதை மறக்கவில்லை. பறவையைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள், நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், முதுகு மட்டும் தெரிந்தது. நறநறவென்று சத்தம் கேட்டது, அது சத்தியம். அரிசிக்குள் கை போனாலும் அப்படித்தான் கேட்குமாம், தையல்காரம்மா இப்போது சொல்கிறார். ஏற்க மாட்டாள் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன், என் வாக்கு பொய்க்கலாமா? மற்றபடி பார்சல், சீட்டு, சத்தம், டீ எல்லாம் வரிக்கு வரி உண்மை. கால் மட்டும் நானாகச் சேர்த்தது.